பட்டா கையில், நிலம் யார் கையில்?

(நாராயணவனம் பகுதிக் கட்சி உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே,

புத்தூர், நாராயணவனம், நகரி, சத்தியவேடு வட்டாரக் கிராமங்களுக்குச் சென்று வரும் நம் தோழர்கள் அனைவரையும் ஒரு கேள்வி எதிர்கொள்கிறது. டி.கே.டி. பட்டா வைத்திருக்கும் தலித் குடும்பங்கள்தான் அதைக் கேட்கின்றன. "இருபது ஆண்டு கடந்த நிலத்தை விற்றுக்கொள்ளலாம் என்று 2023இல் அரசாங்கம் சட்டம் திருத்தியது. நீங்கள் அதை எதிர்த்தீர்கள். பெரிய விவசாயி தன் நிலத்தை விற்கலாம், நாங்கள் மட்டும் விற்கக் கூடாதா?"

இது நியாயமான கேள்வி. இதற்கு முழக்கத்தால் பதில் சொல்ல இயலாது. நிலச் சீர்திருத்தம் என்ற பெயரில் இம்மண்ணில் என்ன நடந்தது, ஏழைக் குடும்பத்தின் அடுப்படி வரை அதில் எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதைத் தெளிவாகப் புரிந்துகொண்டால்தான் பதில் கிடைக்கும்.

ஜமீன் ஒழிந்தது, யாருக்காக?

நாம் கூடியிருக்கும் இந்தப் பகுதி கார்வேட்டிநகரம் ஜமீனைச் சேர்ந்தது. பழைய வடஆற்காட்டில் இருந்து, 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதனோடு வந்தது. ஜமீன் பகுதியில் உழவன் அரசுக்கு நேரடியாக வரி செலுத்தியதில்லை. ஜமீன்தாருக்குச் செலுத்தினான், ஜமீன்தார் அரசுக்குப் பேஷ்குஷ் கட்டினார். இடையில் நின்ற தொகை அரண்மனைக்குப் போயிற்று. 1908ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் ரயத்துகளுக்குச் சில உரிமைகளைத் தந்தது. ஆயினும் ஏரி மராமத்து முதல் புல்வரி வரை எல்லாவற்றிலும் ஜமீன் அதிகாரிகளின் கையே ஓங்கியிருந்தது.

அந்தக் கையை மடக்கியது எவருடைய கருணையும் அன்று. 1938இல் ஆந்திர விவசாயிகள் இச்சாபுரத்திலிருந்து புறப்பட்டு, ஒன்பது மாவட்டங்களைக் கடந்து, 1,500 மைல் தூரத்தை 130 நாட்கள் நடந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனுக்களுடன் சென்னைச் சட்டமன்றத்தின் வாசலுக்கு வந்தார்கள். முனகாலா, சல்லபள்ளி, வெங்கடகிரி ஜமீன்களில் ரயத்துகள் போராடினார்கள். 1946 முதல் 1951 வரை தெலங்கானாவில் ஏறத்தாழ 3,000 கிராமங்களில் மக்கள் நிலத்தைக் கைப்பற்றிப் பங்கிட்டார்கள். சுமார் 4,000 பேர் உயிர் கொடுத்தார்கள். இந்த நெருப்பின் வெளிச்சத்தில்தான் 1948இல் சென்னை மாகாண எஸ்டேட் ஒழிப்பு மற்றும் ரயத்துவாரி மாற்றச் சட்டம் நிறைவேறியது.

அந்தச் சட்டத்தின் கீழ் யாருக்குப் பட்டா கிடைத்தது? ஜமீன் கணக்கில் ரயத்து என்று பெயர் இருந்தவருக்குக் கிடைத்தது. ஜமீன்தாரின் சொந்தப் பண்ணை நிலம் என்று நிரூபிக்கப்பட்டதெல்லாம் ஜமீன்தாருக்கே பட்டாவாயிற்று. போதாததற்கு இழப்பீடும் வழங்கப்பட்டது. ரயத்தின் கீழே வாரத்துக்கு உழுதவனுக்கும், அவன் கீழே கூலிக்கு நாற்று நட்டவளுக்கும் அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. இடைத்தரகன் போனான் என்பது உண்மை. வரியும் வெட்டியும் குறைந்தன என்பதும் உண்மை. ஆனால் ஜமீன்தார் இறங்கிய படியில் ஏறி நின்றவன் நிலம் உள்ள ரயத்து. சேரியும் காலனியும் நின்ற இடத்திலேயே நின்றன.

1960 ஏப்ரல் 1 அன்று எல்லை மாற்றத்தில் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. புத்தூரும் நகரியும் ஆந்திராவில் தங்கின. ஒரே மொழி பேசும் உறவுக்காரர்கள் இரண்டு மாநிலங்களின் நிலச் சட்டங்களுக்கு உட்பட்டார்கள். இதன் விளைவைக் குத்தகை பற்றிப் பேசும்போது பார்ப்போம்.

உச்சவரம்பும் அதன் ஓட்டைகளும்

ஆந்திராவில் 1961இல் ஓர் உச்சவரம்புச் சட்டம் வந்தது. அது பெயரளவில் நின்றது. ஸ்ரீகாகுளம் மலைப்பகுதியில் பழங்குடி விவசாயிகள் கிளர்ந்தெழுந்த பிறகு, 1973இல் புதிய சட்டம் நிறைவேறி, 1975 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு நஞ்சையில் 10 முதல் 27 ஏக்கர், புஞ்சையில் 35 முதல் 54 ஏக்கர் என்று வரம்பு வைத்தார்கள். வளர்ந்த மகன்களுக்குத் தனித்தனி அளவு என்று பிறகு ஒரு திருத்தம் வந்தது. சட்டம் வருமென்று ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டிருந்ததால், நிலக்கிழார்களுக்குப் பாகப்பிரிவினை எழுதவும், பினாமி பெயரில் மாற்றவும், நஞ்சையைப் புஞ்சை என்று காட்டவும் வேண்டிய அவகாசம் கிடைத்தது.

நாடு முழுவதற்கும் இதே கதைதான். உச்சவரம்புச் சட்டங்களின் கீழ் இந்தியா முழுவதும் பகிர்ந்தளிக்கப்பட்ட நிலம், சாகுபடி நிலத்தில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் கிராமப்புறக் குடும்பங்களில் 56 சதவீதத்துக்கு நிலமே இல்லை என்று பதிவாகியது. 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி, சாகுபடி செய்யும் தலித் குடும்பங்களின் வசமுள்ள நிலம் மொத்தப் பரப்பில் 9 சதவீதத்தைக்கூட எட்டவில்லை.

அப்படியானால் நம் பகுதி ஏழைகளின் கையிலுள்ள டி.கே.டி. நிலம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி பெரிய விவசாயியின் உபரியிலிருந்து வரவில்லை. தரக்காஸ்து மனு கொடுத்து, அரசுப் புறம்போக்கிலும் பஞ்சரு நிலத்திலும் வாங்கியது அது. 1892இல் சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குத் தரிசு நிலம் ஒதுக்கும் ஆணை வந்த நாள் முதல் இன்று வரை, வளமான நிலத்தைத் தொடாமல் ஒதுக்குப்புற நிலத்தைக் கொடுப்பதே அரசுகளின் வழி. மலையடிவாரக் கல்காடு, ஏரி உள்வாய் ஓரம், களர் படிந்த மேடு. இவற்றைக் கல் பொறுக்கி, முள் வெட்டி, வரப்பு கட்டி வயலாக்கியவர்கள் மக்கள். அந்த நிலத்தின் மதிப்பில் பாதி அவர்களின் முதுகெலும்பு.

ஓர் ஏக்கர் என்ன செய்யும்?

ஓர் ஏக்கரை வைத்து ஒரு குடும்பம் வறுமையிலிருந்து மீள முடியுமா என்று சில பொருளாதார வல்லுநர்கள் கேட்கிறார்கள். ஓர் ஏக்கரின் விளைச்சலை மட்டும் கணக்கிட்டால் அவர்கள் சொல்வது சரியாகத் தோன்றும். ஆனால் கிராமத்தில் நிலம் செய்யும் வேலை விளைச்சலோடு முடிவதில்லை.

நிலமில்லாத கூலித் தொழிலாளி காலையில் எழுந்தவுடன் யாருடைய வாசலுக்காவது போய்த்தான் ஆக வேண்டும். சொன்ன கூலிக்கு இணங்க வேண்டும். அரை ஏக்கர் கேழ்வரகோ வேர்க்கடலையோ உள்ள குடும்பம், "இந்தக் கூலிக்கு வர முடியாது" என்று நான்கு நாள் வீட்டில் இருக்க முடியும். அந்த நான்கு நாள்தான் கூலிப் போராட்டத்தின் முதுகுத்தண்டு. சொந்த வரப்பு இருந்தால் புல் உண்டு. புல் இருந்தால் ஒரு கறவை மாடு உண்டு. மாடு இருந்தால் பிள்ளைக்குப் பால் மிஞ்சாவிட்டாலும் பதினைந்து நாளுக்கொரு முறை பால் பணம் பெண்ணின் கைக்கு வரும். மற்றவர் வரப்பில் புல் அறுக்கப் போய் ஏச்சு வாங்கிய தாயின் மகள் அந்த ஏச்சை வாங்க வேண்டியதில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்களை ஏன் எரித்தார்கள்? அரைப்படி நெல் கூலி உயர்வு அவர்களைச் சுட்டதைவிட, செங்கொடியின் கீழ் நிமிர்ந்த தலைகள் அதிகம் சுட்டன. நிலம் அந்தத் தலை நிமிர்வுக்கு அடித்தளம்.

உலக அனுபவமும் இதையே காட்டுகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானிலும் தென் கொரியாவிலும் குத்தகையாளருக்கு நிலம் உரிமையாயிற்று. கிராமத்தில் வாங்கும் சக்தி பிறந்தது. அந்தச் சந்தையின் மீது அங்கே தொழில்கள் ஊன்றி நின்றன. இந்தியாவின் ஆளும் வர்க்கம் அந்தப் பாதையைத் திட்டமிட்டே தவிர்த்தது.

கைக்கு வந்த நிலம் ஏன் நழுவுகிறது?

நிலம் கொடுத்ததோடு அரசு கைகழுவியது. நிலத்தைக் காக்கத் தண்ணீர், கடன், விலை மூன்றும் வேண்டும்.

தண்ணீரைப் பாருங்கள். ஆழ்துளைக் கிணறு போட முடிந்தவன் பூமிக்கடியிலுள்ள பொது நீரைத் தன் நிலத்துக்கு இழுத்துக்கொள்கிறான். போட முடியாதவன் வானத்தைப் பார்க்கிறான். கடன் வாங்கித் துளை போட்டு நீர் வராதவன், நிலத்தையே எழுதிக் கொடுக்கிறான்.

கடனைப் பாருங்கள். 2019இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின்படி ஆந்திராவில் விவசாயக் குடும்பங்களில் 93 சதவீதம் கடனில் உள்ளன. சராசரிக் கடன் 2 லட்சத்து 45 ஆயிரம் ரூபாய். நாட்டிலேயே இதுதான் மிக அதிகம். அகில இந்தியச் சராசரி 74 ஆயிரம். வங்கி தராத கடனை வட்டிக்காரரும் உரக்கடைக்காரரும் தருகிறார்கள்; விளைச்சல் களத்திலேயே அவர்களுக்குப் போய்விடுகிறது.

விலையைப் பாருங்கள். வேர்க்கடலை கைவிட்ட இடத்தில் மாவு வைக்கச் சொன்னார்கள். சித்தூர் சீமையெங்கும் தோத்தாபுரி மாந்தோப்பாயிற்று. 2025ஆம் ஆண்டுப் பருவத்தில் கூழ் ஆலைகள் விலையைச் சரித்தன. ஆலை கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்க்கும் என்று அறிவிக்க வேண்டிய நிலை வந்தது. அந்த எட்டு ரூபாய்க்கே விவசாயிகள் வண்டிகளோடு ஆலை வாசலில் காத்துக் கிடந்தார்கள். கரும்புக்கு இருந்த சித்தூர், காஜுலமண்டியம் கூட்டுறவு ஆலைகள் மூடப்பட்டன. சித்தூர் கூட்டுறவுப் பால் பண்ணை 2002இலேயே மூடப்பட்டது. சிறு விவசாயிக்குத் துணை நின்ற பொது அமைப்புகளை ஒவ்வொன்றாக உடைத்துவிட்டு, "சிறு நிலம் லாபகரமாக இல்லை" என்று அவனுக்கே போதிக்கிறார்கள்.

உழுபவன் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை

அதே 2019 ஆய்வில் ஆந்திராவின் சாகுபடிப் பண்ணைகளில் 42 சதவீதம் குத்தகை நிலம் கொண்டவை என்று வெளிப்பட்டது. இதுவும் நாட்டிலேயே முதலிடம். 1956ஆம் ஆண்டின் ஆந்திரக் குத்தகைச் சட்டமும் 1974ஆம் ஆண்டின் திருத்தமும் குத்தகைக்கு உச்ச அளவும், குறைந்தது ஆறாண்டுக் காலமும் விதித்தன. நடைமுறையில் குத்தகை வாய்ப்பேச்சாகவே நடக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு ஆள் மாற்றப்படுகிறது.

2011இல் கடன் தகுதி அட்டை கொடுத்தார்கள். 2019இல் பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள். பதினொரு மாத ஒப்பந்தம். நில உடைமையாளர் கையெழுத்திட்டால்தான் அட்டை. எந்த உடைமையாளர் கையெழுத்திடுவார்? தமிழ்நாட்டில் 1969ஆம் ஆண்டிலேயே குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்தது. உடைமையாளர் மறுத்தாலும் விசாரித்துப் பதிவு செய்ய அதில் வழியிருக்கிறது. திருத்தணியில் உள்ள குத்தகையாளருக்குச் சட்டத்தில் உள்ள இந்த வாசல் புத்தூரில் உள்ளவருக்கு இல்லை. பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, புயல் நிவாரணம், பிரதமர் பெயரில் வரும் 6,000 ரூபாய், எல்லாம் பாஸ்புத்தகத்தில் பெயர் உள்ளவருக்கு. நட்டம் மட்டும் உழுபவருக்கு.

பட்டா உள்ளவரின் நிலையும் உறுதியானதன்று. வெள்ளையர் காலத்து மறுநிலவரித் திட்டப் பதிவேட்டில் பட்டாதாரர் பத்தியில் பெயருக்குப் பதில் புள்ளி வைத்த நிலங்களில் மூன்று தலைமுறை உழுதவர்கள் உண்டு. அவற்றுக்குத் தீர்வு காண 2017இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. பதிவுத் துறையின் 22-ஏ தடைப்பட்டியலில் தவறாகச் சேர்ந்த சர்வே எண்ணை நீக்க ஏழை விவசாயி ஆண்டுக்கணக்கில் நடக்கிறார். 2020 டிசம்பரில் தொடங்கிய மறுஅளவையில் அடங்கலுக்கும் அளவுக்கும் பொருந்தாத குளறுபடிகள் குவிந்தன. 2024 ஜூலையில் மதனப்பள்ளி சப்-கலெக்டர் அலுவலகத்தில் பற்றிய தீயில் நிலக் கோப்புகள் எரிந்தன. ஆவணம் எரிந்தால் செல்வந்தனுக்கு வழக்கறிஞர் இருக்கிறார். ஏழைக்கு அந்த ஆவணமே வழக்கறிஞர்.

கேள்விக்கு நம் பதில்

இனி, தொடக்கத்தில் சொன்ன கேள்விக்கு வருகிறேன்.

1977ஆம் ஆண்டின் 9ஆவது சட்டம், ஏழைக்கு ஒப்படைத்த நிலத்தை விற்பதையும் வாங்குவதையும் தடை செய்தது. மீறி வாங்கினால், அந்த நிலத்தை மீட்டு உரியவரிடமோ அவர் வாரிசிடமோ திரும்ப ஒப்படைக்க அது வழி செய்தது. அந்தத் தடை இருந்தும் ஏராளமான நிலம் வெள்ளைத்தாள் ஒப்பந்தத்தில் கைமாறியது. வாங்கியவர் செல்வாக்கு மிக்கவராக இருந்ததால் மீட்பு நடவடிக்கை மேசையிலேயே தூங்கியது. 2023 திருத்தத்தின் முதல் பயன் யாருக்கு என்பதை இங்கிருந்தே கணிக்கலாம். ஏற்கெனவே சட்டவிரோதமாக வளைத்தவருக்குத் தம் பிடியைப் பத்திரமாக்கிக்கொள்ள அது கதவைத் திறந்தது. 2024இல் ஆட்சி மாறியபின், இவ்வாறு விடுவித்த நிலங்களின் பதிவை அரசே நிறுத்திவைத்து முறைகேடுகளை விசாரிக்க நேர்ந்ததை நாடறியும்.

"அவசரத்துக்கு விற்க முடியாவிட்டால் நிலம் எதற்கு?" என்று கேட்பவரின் அவசரத்தை நாம் அலட்சியப்படுத்தக் கூடாது. மருத்துவமனைச் செலவும் மகள் கல்யாணமும் உண்மையான நெருக்கடிகள். ஆனால் நெருக்கடியில் விற்பவர் விலை சொல்வதில்லை, வாங்குபவர்தான் சொல்கிறார். திருப்பதி–சென்னைச் சாலையையொட்டிய நிலம் இன்று மனைப்பிரிவாகிறது. சத்தியவேடு பக்கம் சிறப்புப் பொருளாதார மண்டலம் வந்தபின் நிலத்தின் விலை எங்கே போயிற்று என்று நாம் கண்டோம். இன்று சில லட்சத்துக்கு விற்ற குடும்பம், அந்தப் பணம் கரைந்தபின் அதே ஊரில் ஒரு சென்ட்கூட வாங்க முடியாது. விற்ற நிலத்தில் எழும் கட்டிடத்துக்குக் காவலாளியாகப் போவதே மிச்சம்.

இன்னொன்றையும் மக்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். 1977 சட்டம் விற்பனையைத்தான் தடுத்தது. அரசு, கூட்டுறவுச் சங்கம், வங்கி ஆகியவற்றிடம் அடமானம் வைப்பதை அது தடுக்கவில்லை. "டி.கே.டி. பட்டாவுக்குக் கடன் இல்லை" என்று திருப்பி அனுப்பும் வங்கி மேலாளர் சட்டத்தைச் சொல்லவில்லை, தம் விருப்பத்தைச் சொல்கிறார். பொதுப்பயனுக்கு நிலம் எடுத்தால் ஒப்படைப்பு நிலத்துக்கும் முழு உரிமையாளருக்கு நிகரான இழப்பீடு உண்டு என்று ஆந்திர உயர்நீதிமன்றம் 2004இலேயே தீர்ப்பளித்தது. விற்காமலேயே பெறக்கூடிய இந்த உரிமைகளை மறைத்து வைத்துவிட்டு, விற்பதை மட்டும் உரிமை என்று ஏழையின் கையில் கொடுக்கிறார்கள்.

ஆகவே நாம் மக்களிடம் "விற்காதே" என்று உபதேசம் செய்யப் போவதில்லை. விற்கத் தேவையில்லாத நிலையை உருவாக்கப் போராட அழைக்கிறோம்.

கேரளமும் வங்கமும் தரும் பாடம்

1957 ஏப்ரலில் கேரளத்தில் பதவியேற்ற கம்யூனிஸ்ட் அமைச்சரவை ஒரு வாரத்துக்குள் நில வெளியேற்றத்தைத் தடை செய்தது. 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறையே ஒழிந்தது. குடிகிடப்புக்காரர்களுக்கு ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட் மனை கிடைத்தது. அங்கும் வயல் குத்தகையாளருக்குப் போயிற்று. தலித் தொழிலாளிக்கு மனை மட்டுமே எட்டியது. இந்தக் குறையை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் "இறங்கு" என்று எவரும் சொல்ல முடியாத 10 சென்ட்டின் மீது நின்றுதான் அவர்கள் கூலியை உயர்த்தினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள்.

மேற்கு வங்கத்தில் 1978இல் தொடங்கிய வர்காதார் பதிவு இயக்கத்தில் 14 லட்சத்துக்கும் மேற்பட்ட குத்தகையாளர்களின் பெயர்கள் பதிவாயின. அதிகாரிகள் கச்சேரியில் உட்கார்ந்து மனு வாங்கவில்லை; மாலையில் கிராமத்துக்குப் போய், உழுபவர்கள் கூடியிருக்கும்போது, எல்லோர் முன்னிலையிலும் பதிந்தார்கள். தனியே கேட்டால் அச்சத்தில் மறுப்பவன் கூட்டத்தில் உண்மை சொன்னான். விவசாய சங்கம் பின்னால் நின்றது. சட்டம் அங்கும் இங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். சங்கம் இருந்ததா இல்லையா என்பதே வேறுபாடு.

நம் முன் உள்ள வேலை

முதலாவதாக, ஒவ்வொரு கிளையும் தன் கிராமத்தின் டி.கே.டி. நிலங்களைச் சர்வே எண் வாரியாகப் பட்டியலிட வேண்டும். பட்டா யார் பெயரில், சாகுபடி யார் கையில், எப்போது கைமாறியது என்ற மூன்று பத்திகள் போதும். தோழர் சுந்தரய்யா 1974இல் குண்டூர் மாவட்டத்தின் அனந்தவரம், காஜா கிராமங்களில் வீடு வீடாகக் கணக்கெடுத்தது, கிராமத்தை மாற்ற நினைப்பவன் முதலில் கிராமத்தை அறிய வேண்டும் என்பதற்காகத்தான்.

இரண்டாவதாக, வளைக்கப்பட்ட நிலங்களுக்கு 1977 சட்டப்படி மீட்பு மனுவைத் தாசில்தாரிடம் கூட்டாகக் கொடுக்க வேண்டும். தனி மனு கோப்பில் உறங்கும். ஐம்பது குடும்பம் சேர்ந்து கொடுத்த மனு உறங்க விடாது.

மூன்றாவதாக, உடைமையாளர் கையெழுத்து இல்லாமலே கிராம சபையில் குத்தகையாளரைப் பதிவு செய்யும் சட்டத்தைக் கோர வேண்டும்.

நான்காவதாக, டி.கே.டி. பட்டாவுக்குக் கூட்டுறவு வங்கிக் கடன், கூட்டுக் கிணறு, மாவுக்கும் வேர்க்கடலைக்கும் கட்டுப்படியாகும் விலை ஆகியவற்றை ஒரே கோரிக்கையாக இணைத்துப் போராட வேண்டும். 2005ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டம் நிலச் சீர்திருத்தப் பயனாளிகளின் நிலத்தைப் பண்படுத்தும் வேலைக்கு இடம் தந்தது. போராடிப் பெற்ற அந்த ஏற்பாடு எந்தப் பெயர் மாற்றத்திலும் பறிபோக விடக் கூடாது.

ஐந்தாவதாக, பெண்கள். 1985இலேயே மகளுக்குச் சொத்தில் சம உரிமை தந்த மாநிலம் இது. ஆனால் நாடு முழுவதும் சாகுபடியாளராகப் பதிவாகியுள்ள பெண்கள் 14 சதவீதமே. களையெடுப்பவள் பெண், நாற்று நடுபவள் பெண், மாடு பார்ப்பவள் பெண். பாஸ்புத்தகத்தில் மட்டும் அவள் இல்லை. கணவன் மனைவி இருவர் பெயரிலும் பட்டா வேண்டும். ஒருவரின் கைநாட்டில் நிலம் போய்விடாமல் காக்கும் பூட்டும் அதுவே.

தோழர்களே, நிலச் சீர்திருத்தம் முடிந்துபோன அத்தியாயம் என்று சொல்பவர்கள்தான் இன்று நிலத்தை மிக வேகமாகச் சேர்க்கிறார்கள். அவர்களுக்கு அதன் அருமை தெரிந்திருக்கிறது. கல்காட்டை வயலாக்கிய மக்களுக்கும் அது தெரியும். அவர்கள் கேட்ட கேள்வியை நாம் கூட்டம் கூட்டமாகக் கொண்டு செல்வோம். அவர்களோடு உட்கார்ந்து அதற்கான விடையை எழுதுவோம். அந்த விடையின் முதல் வரி சர்வே எண்ணில் தொடங்கட்டும்.

உழுபவருக்கே நிலம்! செவ்வணக்கம்.